விசைத்தறி அதிபர் அல்லர், கைத்தறி லுங்கிக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில், குடியாத்தத்தில் காலமான என் நண்பரும் தொழில் கூட்டாளியுமானவரைப் பற்றி ஆறு வரிச் செய்தி ஒன்று வெளிவந்திருந்தது. பெரிய பதவி எதுவும் வகிக்காத ஊர்க்காரர் ஒருவரின் மறைவுக்கு இடம் கொடுத்ததற்கு முதலில் என் நன்றி. அந்த ஆறு வரிகளில் இரண்டு பிழைகள் இருந்தன. அவருடைய வயதை இரண்டு ஆண்டு கூட்டிப் போட்டிருந்தீர்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. ஜாதகத்தில் ஒரு பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு தேதியும் உள்ள தலைமுறையைச் சேர்ந்தவர் அவர், இரண்டில் எது சரி என்று கேட்டால் அவரே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். மற்றொரு பிழை, அவரை 'விசைத்தறி அதிபர்' என்று குறிப்பிட்டிருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளமான கடிதமா என்று தாங்கள் நினைக்கக்கூடும். அந்த ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டிருந்தால் அவரும் நானும் இன்று இருப்பதைவிடப் பத்து மடங்கு வசதியாக இருந்திருப்போம் என்பதால், அது எனக்குச் சிறிய பிழையாகத் தோன்றவில்லை.

அவருடைய பெயரை இக்கடிதத்தில் நான் எழுதவில்லை. கடைப் பலகையில்கூடத் தன் பெயரைப் போட விடாதவர் அவர். இறந்த பிறகு சுவரொட்டி ஒட்டக் கூடாது, பத்திரிகையில் பெயர் போட்டு விளம்பரம் கொடுக்கக் கூடாது என்று வீட்டாரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். தங்கள் நிருபருக்குச் செய்தி கிடைத்தது வேறு வழியில். அதில் யார் மீதும் எனக்கு வருத்தம் இல்லை. நெசவாளர்கள் அவரைச் 'சின்னவர்' என்றுதான் அழைப்பார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவராயினும் உயரத்தில் என் தோளுக்கு வருவார் என்பதால் வந்த பெயர் அது. நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன்.

நாங்கள் இருவரும் 1970-களின் இறுதியில் குடியாத்தத்தில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள். அவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து பாடம் படித்தவர். 1954 இடைத்தேர்தலில் காமராஜர் எங்கள் தொகுதியில் நின்று வென்றதை, தானே வெற்றி பெற்றது போல அவருடைய தந்தையார் தறியை மிதித்துக்கொண்டே சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நான் விவசாயக் குடும்பம். நீளவாக்கில் ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். 1983-இல் ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் போட்டு, நெல்லூர்பேட்டையிலும் பிச்சனூரிலுமாகப் பன்னிரண்டு தறிகளுக்கு நூல் கொடுத்து, நெய்த லுங்கியை வாங்கி விற்கத் தொடங்கினோம். பாகஸ்தர் பத்திரம்கூட அப்போது எழுதவில்லை. வங்கியில் கடன் கேட்கப் போனபோது மேலாளர் பத்திரம் கேட்டதால், ஐந்தாண்டு கழித்து ஒன்று எழுதிப் பதிவு செய்தோம்.

அந்தக் காலத்தில் இது வடஆற்காடு மாவட்டம். எங்கள் ரசீதுப் புத்தகங்களும் கடிதத் தாள்களும் அப்படியே அச்சிடப்பட்டிருந்தன. 1989-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்தது. சின்னவரோ முதலில் அச்சிட்ட தாள் தீரும்வரை வேறு தாள் அச்சிட அனுமதிக்கவில்லை. அவர் இறந்த வாரத்தில் மேசை இழுப்பறையைத் திறந்தபோதும் 'வடஆற்காடு மாவட்டம்' என்று அச்சிட்ட தாள் ஒரு கட்டு இருந்தது. ஒன்றிலும் அவர் கைபடவில்லை. எழுதுவதற்கென்று பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தார்.

தொழிலில் அவருடைய கண்ணும் விரலும் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. 840 கஜம் நீளமுள்ள சிட்டம் (நூல் சுருள்) அறுபது சேர்ந்து ஒரு ராத்தல் (பவுண்டு) எடை நின்றால் அது 60-ஆம் நம்பர் நூல். எண்பது நின்றால் 80-ஆம் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது, விலையும் கூடும். நூல் கட்டைப் பிரித்து ஒரு சிட்டத்தைக் கையில் உதறியதும் அது எழுதியிருக்கும் நம்பர்தானா, ஈரத்தில் கிடந்து எடை ஏறியதா என்று சொல்லிவிடுவார். பிறகு தராசில் வைத்துப் பார்ப்பேன். அநேகமாக அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். சனிக்கிழமை லுங்கி வந்து சேரும்போது, கடை வாசலில் வெயில் படும் இடத்தில் துணியை விரித்துப் பிடித்து, பித்தளைச் சட்டத்தில் மடங்கும் சிறிய இழை எண்ணும் கண்ணாடியை அதன்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். ஆள் மிதித்து அடித்த துணியில் அங்குலத்துக்கு அங்குலம் ஊடை இழை ஒன்றிரண்டு கூடும், ஒன்றிரண்டு குறையும். நெய்தவருக்கு மதியத்தில் பசி எடுத்த இடம்கூட அதில் தெரியும் என்று சொல்வார். நாலைந்து இழை குறைந்தால் கூலியில் பிடிக்கவேண்டும் என்பது தொழில் வழக்கம். அவர் பிடித்ததும் உண்டு. 'இன்னா நைனா, வூட்ல ஒடம்பு சரியில்லையா' என்று கேட்டுவிட்டுப் பிடிக்காமல் விட்டதும் உண்டு. எந்தக் கணக்கில் பிடிப்பார், எந்தக் கணக்கில் விடுவார் என்பது நாற்பது ஆண்டுகளில் எனக்கு விளங்கவே இல்லை.

இப்போது விசைத்தறி விஷயத்துக்கு வருகிறேன். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி மத்திய அரசு 1985-இல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னாளில் அவை 11 ஆகக் குறைந்தன. இரண்டு பட்டியலிலும் லுங்கி உண்டு. ஆலைகளும் விசைத்தறியினரும் நீதிமன்றம் சென்றதால் சட்டம் நடைமுறைக்கு வருவது இழுத்துக்கொண்டே போனது. 1993-இல்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் விசைத்தறி லுங்கி சந்தையில் வந்து குவிந்தது. தீர்ப்புக்குப் பிறகும் அது நின்றுவிடவில்லை. சென்னை கோடவுன் தெருவுக்கு எங்கள் சரக்கைக் கொண்டுபோனால், எங்கள் விலையில் பாதிக்குச் சற்று மேலான விலைக்கு அதே கட்டம், அதே கரை, அதே நிறம் போட்ட லுங்கியை எடுத்து மேசைமேல் போட்டு, 'இதற்கு என்ன சொல்கிறீர்கள்' என்று கேட்பார்கள். அதன் மேல் 'கைத்தறி' என்று முத்திரையும் குத்தியிருக்கும்.

1991 வாக்கில், எட்டு விசைத்தறிகள் கொட்டகையோடு விலைக்கு வருவதாக எனக்குத் தெரிய வந்தது. நான் சின்னவரைக் கேட்காமலே ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது எங்களுக்கு நாற்பத்தாறு கைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த எட்டுத் தறி ஓடினால் எங்களுக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அதிலேயே வந்துவிடும். ஷிப்டுக்கு இரண்டு ஆள் போதும். கணக்கை எழுதி அவர்முன் வைத்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்படவில்லை. கணக்கைக் கூட்டிப் பார்த்தார், ஓரிடத்தில் மின்கட்டணத்தைக் குறைத்துப் போட்டிருந்ததைத் திருத்தினார், அப்படியும் லாபம் நிற்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு நெசவாளர் பேரேட்டை எடுத்து என் கையில் கொடுத்து, 'எந்தெந்த வீட்டுத் தறியை எந்த மாசம் நிறுத்தறதுன்னு வரிசையா எழுதினு வா. நீ எழுதறதுக்கு நான் கையெழுத்துப் போட்டுடறேன்' என்றார்.

அந்தப் பேரேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. முதல் இரண்டு பெயர்களை எழுதுவது எனக்குக் கடினமாக இல்லை. ஒருவர் குடிகாரர், மற்றவர் வேறொரு முதலாளிக்கும் திருட்டுத்தனமாக நெய்துகொண்டிருந்தவர். மூன்றாவதாக யாரை எழுதுவது என்று இரண்டு இரவு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கடைக்குப் போனபோது அந்தத் தாளை அவரிடம் காட்டவில்லை; அவரும் கேட்கவில்லை. ஐயாயிரம் ரூபாய் போனது போனதுதான். அந்த ஆண்டுக் கணக்கில் அதை என் பற்றில் (நான் எடுத்த பணமாக) எழுதாமல் கடைச் செலவில், 'பட்டியல் செலவு' என்று எழுதியிருந்தார்.

இதைப் படிப்பவர்கள் அவரை விசைத்தறிக்கு எதிரி என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய மைத்துனரே விசைத்தறி வைத்திருந்தவர். அந்தக் கொட்டகையின் திறப்பு விழாவில் தேங்காய் உடைத்ததே இவர்தான். விசைத்தறியில் இரவு முழுவதும் நின்று, காது கேட்காமல் போகும் அளவுக்கு உழைப்பவனும் நெசவாளிதான் என்பார். எங்களோடு தொழில் தொடங்கிப் பிறகு விசைத்தறிக்கு மாறியவர்கள் மாடி வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தார்கள். அவர்கள் செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். சின்னவர் செய்தது வியாபாரக் கணக்கில் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். எங்கள் லுங்கியைத் தேடி வாங்குபவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தார்கள். கேரளத்தில் இரண்டு மூன்று கடைக்காரர்களும் மலேசியாவுக்கு அனுப்பும் ஒரு வியாபாரியும் இல்லையென்றால் 2000-ஆம் ஆண்டைத் தாண்டியிருக்கவே மாட்டோம்.

முன்பண விவகாரத்தைச் சொன்னால் அவர் குணம் இன்னும் விளங்கும். நெசவுத் தொழிலில் முன்பணம் என்பது ஒரு கயிறு. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ நெசவாளர் முதலாளியிடம் பணம் வாங்குவார். அதை அடைக்கும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. கூலியோ அடைக்கும் அளவுக்கு ஒருபோதும் வராது. அப்பன் வாங்கியதற்கு மகன் நெய்வது எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. சின்னவரின் தந்தையாரே அப்படி இருபது ஆண்டுகள் ஒரே வாசலில் கட்டுண்டு கிடந்தவர். எங்கள் கடையிலும் முன்பணம் கொடுத்தோம். ஆனால் போக விரும்புகிறவரைப் பாக்கிக்காக நிறுத்தி வைக்க அவர் சம்மதிக்கவில்லை. 'பாக்கி இல்லை' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அப்படியானால் அந்தப் பாக்கி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. நூல் வாங்கவும் சரக்கு விற்கவும் வெளியே அலைந்தது நான், கடையில் கணக்கு எழுதியது அவர்.

1998-இல் எங்கள் தணிக்கையாளர் என்னைத் தனியாக அழைத்து, சின்னவருடைய முதலீடு மட்டும் ஏன் இப்படிக் கரைந்திருக்கிறது, வீட்டில் ஏதேனும் கஷ்டமா என்று விசாரித்தார். பேரேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, எழுதிக் கொடுத்த சீட்டு ஒவ்வொன்றுக்கும் உரிய தொகையைத் தன் சொந்தப் பற்றாக எழுதிக்கொண்டு வந்திருந்தது தெரிந்தது. என் பங்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டுத் தொழிலில் தர்மத்தை மட்டும் தனியாகச் செய்ய நீ யார் என்று கத்தினேன். 'நீ ஒத்துக்க மாட்டே, அதான் கேக்கல' என்றார். அவர் சொன்னது உண்மை என்பதால் என் கோபம் இன்னும் அதிகமாயிற்று. அதன்பின் மூன்று மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மேசையின் இரு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடைப்பையனிடம் 'சின்னவரிடம் சாவி வாங்கி வா', 'பெரியவருக்குத் தபால் வந்திருக்கிறது என்று சொல்' என்று கையெட்டும் தூரத்துக்குத் தூது விட்டோம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போது கூட்டத்தில் என் செருப்பு அறுந்துவிட, பக்கத்தில் வந்துகொண்டிருந்தவர் எதுவும் பேசாமல் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அது எனக்குப் பாதிக் காலுக்குத்தான் வந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். அந்த ஆண்டு முதல் பாக்கிச் சீட்டுத் தொகை இருவர் பற்றிலும் சரிபாதியாக ஏறியது. அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் பொய்யாகும்.

கூலி விஷயத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் எழுதவேண்டும், ஏனென்றால் அதை எங்கள் வட்டாரத்தில் வேறு எவரும் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் தறி ஓடுவது என்றால் ஆண் மிதிப்பது மட்டுமன்று. வீட்டுப் பெண்தான் ராட்டையில் தார், அதாவது ஊடை நூல் கண்டு, சுற்றுகிறாள், பாவுக்குக் கஞ்சி போடும்போது விடியற்காலையில் தெருவில் நிற்கிறாள், அறுந்த இழையை முடிகிறாள். கூலி மட்டும் ஆணின் கைக்குப் போகும். பல வீடுகளில் அது வீடு வந்து சேராது. தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே அவர் கூலியைப் பிரித்து, தார் கூலி என்று ஒரு பங்கைத் தனி உறையில் போட்டு, பெண் நேரில் வந்து வாங்கினால்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். ஆண்கள் முணுமுணுத்தார்கள். சனிக்கிழமை பிற்பகலில் பெண்கள் கடைக்கு வருவதால் வியாபாரிகள் வந்து உட்கார இடமில்லை என்று நானும் முணுமுணுத்தேன்.

சாயத்தால் ஒருமுறை நன்றாக அடிபட்டோம். 1990-களில் ஜெர்மனி, உடலுக்குக் கேடு என்று, அசோ எனும் செயற்கைச் சாயங்களில் சிலவகை போட்ட துணியைத் தடை செய்தது. 1997-இல் நம் அரசும் அவ்வகைச் சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. லுங்கியின் அடர் சிவப்பும் அரக்கும் பெரும்பாலும் அந்த வழியில் வந்த நிறங்கள். உள்ளூர் வாடிக்கையாளர் எவரும் சாயத்தின் பெயரைக் கேட்கப் போவதில்லை, இருக்கிற சரக்கை விற்றுத் தீர்ப்போம் என்று நான் சொன்னேன். அவர் சாயப்பட்டறைக்காரரிடம் விசாரித்து, எந்த நிறத்தில் ஐயம் இருந்ததோ அந்தச் சாய நூலை எல்லாம் ஒதுக்கிவிட்டார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குகிறவனுக்கு நாம் என்ன பதில் சொல்வது என்று மட்டும் கேட்டார்.

பணமதிப்பிழப்பு அறிவித்த 2016 நவம்பர் 8 செவ்வாய்க்கிழமை. கூலி நாள் சனிக்கிழமை. அந்த வாரம் மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் பேசி, எங்கள் சீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுக்கச் செய்து சமாளித்தார். அடுத்த ஆண்டு, அதுவரை வரி இல்லாதிருந்த எங்கள் துணிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. கொரோனா ஊரடங்கில் நூல் வராமல் தறிகள் நின்றன. இவற்றை எல்லாம் எல்லோரும்தான் பட்டோம். தனியாகச் சொல்ல ஏதுமில்லை.

2021 நவம்பர் வெள்ளத்தைச் சொல்லவேண்டும். மோர்தானா அணை நிரம்பி வழிந்து கௌண்டன்ய மகாநதியில் வந்த தண்ணீர், கரையோரத் தெருக்களில் புகுந்ததைத் தங்கள் நாளிதழும் படத்துடன் வெளியிட்டிருந்தது. மனிதர்களை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தறியைக் கொண்டுபோக முடியாது. குழித்தறி என்பது நெசவாளர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கும் தறி. சாதாரண மழைக்காலத்திலேயே அந்தக் குழியில் ஊற்றெடுக்கும். வெள்ளம் புகுந்தால் இடுப்பளவு சேறு நிற்கும். தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் எங்கள் தறி வீடுகளைப் பார்க்கப் போனேன். முதல் வீட்டில் அடையாளம் தெரியாத ஒருவர் குழிக்குள் நின்று வாளியில் சேற்றை அள்ளி வெளியே கொடுத்துக்கொண்டிருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்த பிறகுதான் சின்னவர் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு 69 வயது. என்னைப் பார்த்ததும், 'பாவை மேல தூக்கிக் கட்டு நைனா, பூஞ்சணம் புடிச்சுக்கும்' என்றார். அறுத்து எறிய வேண்டிய பாவு அது, பாதி நெய்திருந்தது. அதைத் தரணம்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் இரண்டு நாள் காயப்போட்டு, அறுந்த இழைகளை முடிந்து, மறுபடி தறியில் ஏற்றினார்கள். அந்தப் பாவில் வந்த லுங்கிகளில் சேற்றுக் கறை போகவில்லை. விற்க முடியாத அந்த லுங்கிகளைச் சின்னவரே வாங்கிக்கொண்டார். இறக்கும்வரை அவர் வீட்டில் உடுத்தியது அவற்றைத்தான்.

அவரிடம் குறைகளும் இருந்தன. விட்டுவிட்டால் அவரைத் தெரிந்தவர்கள் என்னை நம்பமாட்டார்கள். நூல் கட்டின் சணல் கயிற்றைக்கூட முடிச்சவிழ்த்துச் சேர்த்து வைக்கும் கஞ்சத்தனம். கடையில் மின்விசிறி மாட்ட நான் பதினோரு ஆண்டு மன்றாடினேன். ஒருவர் நன்றாக நெய்திருந்தால் நன்று என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். கண்ணாடியை மடித்துப் பையில் போடுவார், அவ்வளவுதான். தன் மகன் தொழிலுக்கு வராமல் பெங்களூரில் வேலைக்குப் போனதைப் பல ஆண்டுகள் மன்னிக்காமலே இருந்தார். கடைசி நோயின்போது அந்த மகன்தான் விடுப்பு எடுத்து வந்து, வேலூரில் மருத்துவமனைக்கு அருகில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு மாதம் கூட இருந்தார்.

விசைத்தறி என்ற சொல்லுக்குத் திரும்பி வருகிறேன். எங்களிடம் நெய்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனார். அவருடைய மனைவி உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்தார். அங்கே எவரோ தொழில் என்ற இடத்தில் 'கைத்தறி' என்பதற்குப் பதில் 'விசைத்தறி' என்று பதிந்துவிட்டார்கள். கைத்தறி நெசவாளர் குடும்பத்துக்கு உரிய உதவி விசைத்தறிக்குக் கிடையாது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்குச் சின்னவர் அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு ஏழு முறை பேருந்தில் போய் வந்தார். ஏழாவது முறை, அந்த வீட்டுத் தறியின் நாடாவையே, அதாவது ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டையையே, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் மேசைமேல் வைத்து, 'இதைக் கையால் எறிந்துதான் ஐயா இவங்க வீட்டுக்காரர் நாற்பது வருஷம் நெய்தார், கட்டையில் விரல் தடம் இருக்கிறது பாருங்கள்' என்றாராம். அதிகாரி நல்ல மனிதர். அன்றே திருத்திக் கொடுத்தார். திரும்பி வந்து இதைச் சொன்ன சின்னவர் எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார். நாற்பது ஆண்டுகளில் அவர் காசில் நான் குடித்த தேநீரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் இறந்த அன்று எங்களிடம் நெய்யும் பதினோரு தறிகளும் நின்றன. நாற்பத்தாறாக இருந்தவை பதினொன்றாகக் குறைந்ததற்கு நாங்கள் எவரையும் நிறுத்தியது காரணமல்ல. வயதானவர்கள் ஓய்ந்தார்கள், பிள்ளைகள் ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் போனார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, எங்களை விட்டு இருபது ஆண்டுகளுக்கு முன் போன ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நாட்காட்டித் தாளின் துண்டை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பின்னால் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. 'பாக்கி இல்லை' என்று சின்னவர் கையெழுத்து. தேதி போட்டு, தொகை போடாமல் விட்டிருந்தார்.

ஆகவே, 'விசைத்தறி அதிபர்' என்று வெளியானதைக் 'கைத்தறி லுங்கி வியாபாரி' என்று திருத்தி, தங்களுக்கு வசதிப்படும் நாளில் ஒரு சிறு குறிப்பாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வயதைத் திருத்த வேண்டாம். இக்கடிதம் முழுவதையும் வெளியிட இடமில்லையென்றால் அந்தத் திருத்தம் மட்டும் போதும்; ஒரே வரியில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

(தாளின் தலைப்பில் 'வடஆற்காடு மாவட்டம்' என்று அச்சாகியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். கட்டில் இன்னும் பாதி இருக்கிறது.)